வார்டில் பார்த்தது வார்டோடு

விளக்கேற்றும் விழா முடிந்து, புதுச் சீருடை போட்டுக்கொண்டு வார்டு போஸ்டிங்குக்குக் கிளம்பும் முதலாண்டு நர்சிங் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இப்போது பல வகுப்புகளில் பையன்களும் இருக்கிறார்கள்; அவர்களுக்கும் சேர்த்துத்தான். படுக்கை விரிப்பது, பி.பி. பார்ப்பது, ஊசி போடுவது எல்லாவற்றையும் டியூட்டர்கள் கைபிடித்துச் சொல்லித் தருவார்கள். போனைப் பற்றி மட்டும் “வார்டில் போன் கூடாது” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரி போதாது. டியூட்டி முடிந்து ஹாஸ்டலுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, போனைக் கையில் எடுத்த பிறகுதான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

விழாவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்ன உறுதிமொழியை நைட்டிங்கேல் அம்மையார் எழுதவில்லை. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு நர்சிங் பள்ளிக்காக லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவரும் அவருடைய குழுவினரும் எழுதி, மரியாதைக்காக நைட்டிங்கேலின் பெயரை வைத்தார்கள். நோயாளியின் சொந்த விஷயங்களோடு, வேலையின்போது காதில் விழும் அவருடைய குடும்ப விவகாரங்களையும் வெளியே சொல்லமாட்டேன் என்று அதில் வருகிறது. டெலிபோன் பிறந்தே பதினேழு வருடம்தான் ஆகியிருந்தது அப்போது. வார்டுப் பேச்சு ஊருக்குள் எப்படிப் போய்ச் சேரும் என்பது அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

1. போனை லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள்.

லாக்கர் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் டியூட்டரிடம் கொடுத்துவிடுங்கள். “டோஸ் கணக்குப் பார்க்கத்தான் மேடம்” என்பீர்கள். சரிதான், கால்குலேட்டரும் மருந்து ஆப்பும் உதவும். ஆனால் கட்டிலில் கிடப்பவருக்கும், பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அட்டெண்டருக்கும் அது தெரியாது. இங்கே வலியில் துடிக்கிறோம், நர்ஸம்மா போனைத் தடவிக்கொண்டு நிற்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். பார்த்தே ஆகவேண்டும் என்றால் நர்சஸ் ஸ்டேஷனுக்கு வந்து, ஸ்டாஃப் சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள். கையுறைக் கையால் போனைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை மைக்ரோபயாலஜி வகுப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. படத்தில் உங்கள் முகத்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

கெட்ட எண்ணத்தோடு படம் எடுத்த மாணவியை நான் பார்த்ததில்லை. முதல் நாள் சீருடையில் அம்மாவுக்கு அனுப்ப ஒரு செல்ஃபி, அவ்வளவுதான். அப்படி ஒரு படம் எடுத்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் போனிலேயே இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினேன். நடுவில் சிரித்த முகம். இடது தோளுக்குப் பின்னால் வெள்ளைப் பலகை. அதில் படுக்கை எண், பெயர், வயது, என்ன நோய், எந்த யூனிட் என்று வரிசையாக. வலது பக்கம் ட்ராலிமேல் திறந்து கிடந்த கேஸ் ஷீட்டில் ஐ.பி. எண் பளிச்சென்று. அதற்கும் பின்னால், திரை சரியாக மூடாத இடைவெளியில், பெட்பேன் வைத்திருந்த ஒரு பாட்டியின் கால்கள். பிள்ளை அதுவரை தன் கண்மை சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்திருந்தாள். படத்தை அதற்குள் ஸ்டேட்டஸில் வைத்தும் ஆகிவிட்டது.

எக்ஸ்ரே ஃபிலிமின் மூலையில் பெயர் இருக்கும். மானிட்டர் திரையின் மேல்வரியில் இருக்கும். ரத்தப் பையின் லேபிளில், கையில் கட்டிய பட்டையில், பிறந்த குழந்தையின் காலில் தாயின் பெயரோடு கட்டிய சீட்டில் இருக்கும். முகத்தின்மேல் ஒரு எமோஜி ஒட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறீர்கள். பச்சை குத்திய கை, காலில் மெட்டி, போர்த்தியிருக்கும் துண்டு ஆகியவற்றைப் பார்த்தே சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வீடியோ என்றால் பின்னால் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலும் கூடவே பதிவாகும். போன் கேமரா எடுக்கும் படத்துக்குள் நாள், நேரம் பதிந்திருக்கும். லொக்கேஷன் போட்டு வைத்திருந்தால் இடமும் பதிந்திருக்கும்.

வார்டுக்குள் படமே வேண்டாம். அம்மாவுக்கு அனுப்பத்தான் கல்லூரி வாசலும் வேப்பமரமும் இருக்கின்றனவே.

3. பெயரைச் சொல்லவில்லை என்பதால் ஆள் தெரியாது என்று இருக்காதீர்கள்.

இதில்தான் கெட்டிக்காரப் பிள்ளைகளும் சறுக்குகிறார்கள். “இன்று என் கண்முன்னால் ஒரு பத்து வயதுப் பையன் இறந்துபோனான். பாம்புக்கடி. ஊரிலிருந்து கொண்டுவர மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. அந்த அம்மாவின் அழுகை இன்னும் காதில் கேட்கிறது.” இப்படி ஒரு ஸ்டேட்டஸ் போட்டால் அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. ஆனால் உங்கள் புரொஃபைலில் கல்லூரி இருக்கிறது. கல்லூரி எந்த ஆஸ்பத்திரியோடு சேர்ந்தது என்பது ஊருக்கே தெரியும். மாவட்டத் தலைநகரின் அரசு ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பாம்புக்கடியில் இறந்த பத்து வயதுப் பையன் ஒருவன்தான் இருப்பான். ஊரில் இன்னும் தகவல் சொல்லாத பாட்டிக்கு அது உங்கள் ஸ்டேட்டஸ் வழியாகப் போய்ச் சேரலாம். மூன்று மணி நேரம் ஆனதற்கு யார் காரணம் என்று உறவுக்குள் சண்டையும் கிளம்பலாம்.

சில வார்டுகளில் மனிதத்தன்மையோடு சட்டமும் கூட நிற்கிறது. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

பிரசவ வார்டில் பதினேழு வயதில் தாலியோடு ஒரு பெண் வருவாள். அடிக்கடி வருவாள், தயாராக இருங்கள். சட்டத்தின் கணக்கில் அவள் குழந்தை. அவள் விஷயம் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்குள் வரும், காவல் துறைக்குத் தகவல் போகும். அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், படம், முகவரி, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என ஆளைக் காட்டிக்கொடுக்கும் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை. எச்.ஐ.வி. இருப்பவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியில் சொல்லக் கூடாது என்று 2017-இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். அதே வருடம் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமும், சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. மூன்றாம் ஆண்டில் மனநலப் போஸ்டிங் போகும்போது இதை நினைவில் வையுங்கள். அங்கே நடக்கும் வேடிக்கைப் பேச்சுகளைச் சொல்லிச் சிரிக்க நாக்கு துடிக்கும்.

விஷம் குடித்து வந்தவர்கள் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. எதைக் குடித்தார், எவ்வளவு குடித்தார், ஏன் குடித்தார் என்ற மூன்றையும் எங்கேயும் எழுதாதீர்கள். பிழைத்து வீட்டுக்குப் போகிறவர் அந்த ஊரில்தான் மறுபடி வாழவேண்டும். படிக்கிறவர்களில் மனம் ஒடிந்திருக்கும் யாரோ ஒருவருக்கு உங்கள் விவரம் வழிகாட்டியாகவும் ஆகிவிடும்.

4. “சரிம்மா, எடுத்துக்கோ” என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவர் படுத்திருக்கிறார், நீங்கள் நிற்கிறீர்கள். ராத்திரி தண்ணீர் கேட்கவும், டிரிப் தீர்ந்தால் கூப்பிடவும் உங்களைத்தான் நம்பியிருக்கிறார். அந்த நிலையில் நீங்கள் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார். கேஸ் பிரசன்டேஷனுக்குப் புண்ணின் படம் தேவைப்பட்டால் அதற்கு வழி இருக்கிறது. டியூட்டர் மூலம் மருத்துவமனையின் அனுமதி வாங்கவேண்டும். எதற்காக, யார் பார்ப்பார்கள் என்று நோயாளிக்குப் புரிகிற தமிழில் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கவேண்டும். வகுப்புக்காக வாங்கிய சம்மதம் இன்ஸ்டாகிராமுக்குச் செல்லாது.

2010 நவம்பரில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிரசவப் போஸ்டிங்கில் இருந்த நர்சிங் மாணவிகள் நால்வர், தட்டில் வைத்திருந்த நஞ்சுக்கொடியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாணவி அதை ஃபேஸ்புக்கில் போட்டார். ஆசிரியைக்குத் தெரிந்துதான் எடுத்தோம் என்பது மாணவிகளின் வாதம். கல்லூரி நீக்கியது, அந்த மாணவி நீதிமன்றம் போனார். 2011 ஜனவரியில் அவரைத் திரும்பச் சேர்க்கும்படி நீதிபதி உத்தரவிட்டார். அந்தப் படத்தை வைத்து எந்தத் தாய் என்று சொல்ல வழியில்லை, மாணவிக்குத் தன் பக்கத்தைச் சொல்ல உரிய வாய்ப்பும் கிடைக்கவில்லை.

தீர்ப்பு நியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஒரு பிள்ளையின் படிப்பை ஒரே நாளில் முடித்துவிடுவது தண்டனை என்ற பெயரில் செய்யும் சோம்பேறித்தனம். ஆனால் அந்தப் படம் சரியா என்று கேட்டால் இல்லை என்பேன். பெற்றவள் மயக்கத்திலோ களைப்பிலோ கிடக்கையில் அவள் உடம்பிலிருந்து வந்த ஒன்றை வைத்துப் படம் பிடித்தது அவளுக்குத் தெரிந்திருக்காது. சட்டப்படி தப்பிப்பது ஒன்று, அந்தத் தாய் பார்த்தால் என்ன நினைப்பாள் என்பது வேறு. இன்னொன்றும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் கல்லூரியில் போன், படம், சமூக ஊடகம் பற்றி எழுத்தில் விதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லி வகுப்புப் பிரதிநிதி வழியாகக் கேளுங்கள். எழுதாத விதியில் மாட்டிக்கொள்வது எப்போதும் மாணவர்தான்.

5. கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுக்காதீர்கள்.

எல்லோரும் செய்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். பக்கம் பக்கமாக எடுத்துக்கொண்டு போய், ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து கேர் பிளான் எழுதுகிறீர்கள். எழுதி முடித்ததும் படங்களை யாரும் அழிப்பதில்லை. உங்கள் போனில் கூகுள் போட்டோஸ் தானாகவே எல்லாவற்றையும் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். அதே கணக்கில் வீட்டில் தம்பி ஒரு டேப்லட் வைத்திருப்பான். ஊரில் அவன் கார்ட்டூன் பார்க்க அதைத் திறக்கும்போது, உங்கள் நோயாளியின் எச்.ஐ.வி. ரிப்போர்ட் அவன் கண்முன்னால் வந்து நிற்கும். யாருக்கும் அனுப்பவில்லை என்று நீங்கள் சத்தியம் செய்வீர்கள். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.

கையால் குறிப்பெடுங்கள். கேர் பிளானுக்கு வேண்டியது ஹீமோகுளோபின் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, என்ன மருந்து என்ற விவரங்கள்தான்; பெயரும் ஐ.பி. எண்ணும் வேண்டாம். எழுதும்போது பாதி மனத்திலும் தங்கிவிடும், பரீட்சைக்கு லாபம்.

6. வாட்ஸ்அப் குழுவில் வாயைக் கட்டுங்கள்.

நடு ராத்திரியில் டியூட்டி டாக்டர் ஒரு சி.டி. படத்தை நரம்பியல் டாக்டருக்கு அனுப்பி ஆலோசனை கேட்பதைப் பார்ப்பீர்கள். அது சிகிச்சை, அவர்கள் பொறுப்பு. அதே படம் உங்கள் வகுப்புக் குழுவுக்கு வந்தால் அது வேடிக்கை. “எல்லோருக்கும் அழி” என்பதை நம்பாதீர்கள், அதற்குள் யார் கேலரியில் இறங்கியிருக்கும் என்று தெரியாது. ஸ்டோரி இருபத்துநாலு மணி நேரத்தில் போய்விடும், ஸ்கிரீன்ஷாட் போகாது. நெருங்கிய நண்பர்களுக்கு மட்டும் என்று போட்டால் அந்த நண்பர்கள் அடுத்த வருடமும் நெருக்கமாக இருக்கவேண்டும்.

7. சீருடையில் ரீல்ஸ்.

ஆடுவதைக் குறை சொல்லும் ஆள் நான் இல்லை. ஹாஸ்டல் நாளில் ஆடுங்கள், நன்றாக ஆடுங்கள். கேள்வி இடம் பற்றியது. ஐ.சி.யு. வெளியில் இருக்கும் நீள நடையைப் பாருங்கள். பாய் விரித்து, பை தலைக்கு வைத்து, உள்ளேயிருந்து என்ன செய்தி வரும் என்று காத்துக்கிடப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்த நடையில் சினிமாப் பாட்டுக்கு நான்கு சீருடைகள் ஆடினால், அவர்கள் மனத்தில் அந்த ஆஸ்பத்திரியின் எல்லா நர்ஸ்களும் ஆடியதாகத்தான் பதியும்.

“வயிறு இப்படி இருந்தால் பையன், அப்படி இருந்தால் பெண்” என்ற ரகப் பேச்சைச் சீருடை போட்டுக்கொண்டு பேசவே பேசாதீர்கள். 1994-ஆம் ஆண்டின் கருப் பாலினத் தடைச் சட்டம் கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த வகையிலோ தெரிவிப்பதைத் தடுக்கிறது. 2024-இல் சென்னையில் ஒரு பிரபல யூடியூபர், வெளிநாட்டில் பரிசோதித்து அறிந்ததாகச் சொல்லித் தன் குழந்தையின் பாலினத்தை வீடியோவில் அறிவிக்க, சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது. சில மாதம் கழித்து அவரே ஆபரேஷன் தியேட்டருக்குள் தொப்புள்கொடி வெட்டும் வீடியோவைப் போட்டார். இந்த முறை மருத்துவமனைமீதும் நடவடிக்கை வந்தது. வீடியோ எடுத்தவர் வெளியாள் என்றாலும் தியேட்டருக்குள் இருந்தவர்களைத்தான் முதலில் கேட்பார்கள். யாராவது போனோடு உள்ளே வந்தால், மாணவியாக இருந்தாலும், “சார், இங்கே போன் கூடாது” என்று சொல்லிவிட்டு உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

சீருடைப் படத்தில் இன்னொரு ஆபத்து. கல்லூரிப் பெயர் தெரியும் சட்டையும், தினம் ஒரே நேரத்தில் போடும் லைவும், நீங்கள் எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்பதை முன்பின் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். உங்கள் படத்தை மாற்றி ஆபாசமாக்கி யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். பயந்து கணக்கை அழிக்கவும் வேண்டாம். வந்த செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் ஒருவரிடமும் கல்லூரியில் ஒருவரிடமும் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். இதில் வெட்கப்படவேண்டியவர் நீங்கள் இல்லை.

8. நோயாளியின் ஃபிரெண்ட் ரிக்வெஸ்ட்டை ஏற்காதீர்கள்.

“சிஸ்டர், நம்பர் குடுங்க, டவுட் இருந்தா கேட்டுக்கிறேன்.” சிரித்துக்கொண்டே, “டிஸ்சார்ஜ் சீட்டில் வார்டு நம்பர் இருக்குண்ணா, அதுல கூப்பிடுங்க” என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும், காரணம் சொல்லவேண்டாம். நல்ல மனதோடு ஜி-பேயில் நூறு ரூபாய் அனுப்பப்பார்ப்பவரிடமும் இதே சிரிப்பு.

9. ஊருக்கு நீங்கள் ‘டாக்டர் பாப்பா’ ஆகாதீர்கள்.

முதலாண்டிலேயே ஆரம்பித்துவிடும். சித்தப்பா மாத்திரைப் பட்டையைப் படம் எடுத்து அனுப்பி, “இதைப் போடலாமா கண்ணு?” என்று கேட்பார். உங்களுக்குத் தெரிந்த மாத்திரையாகவே இருந்தாலும் அவருடைய சிறுநீரகம் எப்படி, வேறு என்ன சாப்பிடுகிறார் என்பது தெரியாது. “சித்தப்பா, நான் இன்னும் படிச்சுட்டுதான் இருக்கேன். 104-க்குப் போட்டுக் கேளுங்க, இல்லன்னா காலையில பி.எச்.சி. போங்க” என்று சொல்லுங்கள். 104 தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண்.

ஆனால் குடும்பக் குழுவில் வரும் அபத்தங்களுக்கு வாய்மூடி இருக்கவேண்டாம். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் குழந்தை பிழைத்தது, தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். சுகப்பிரசவம் வீட்டில் நடந்தால் என்ன என்று கேட்பவருக்கு நீங்கள் படித்ததையே சொல்லலாம்: குழந்தை பிறந்தபிறகு கருப்பை சுருங்காவிட்டால் நிமிடக் கணக்கில் ரத்தம் கொட்டும், அதனால்தான் பிறந்தவுடன் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் பக்கத்தில் ரத்த வங்கி இருக்கவேண்டும் என்கிறார்கள். யாரையும் கேலி செய்யாமல் சொல்லுங்கள். கேலி செய்தால் சித்தப்பா குழுவை விட்டுப் போய்விடுவார், ஃபார்வர்டை விடமாட்டார்.

10. நீங்கள் இன்னும் ஆகாததைப் புரொஃபைலில் போடாதீர்கள்.

“ஐ.சி.யு. நர்ஸ்” என்று போட்டுக்கொள்ள ஆசையாக இருக்கும். பட்டம் வாங்கித் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யும்வரை நீங்கள் மாணவி. லிங்க்ட்இன் கணக்கை மூன்றாம் ஆண்டில் ஆரம்பித்தால் போதும். எந்தெந்தப் பிரிவில் போஸ்டிங் முடித்தீர்கள், என்ன பயிற்சி, எந்த மொழி தெரியும் என்று நேர்மையாக எழுதுங்கள். இமெயில் முகவரியில் ‘ஸ்வீட் ஏஞ்சல்’ வேண்டாம்.

மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட், ஆதார் எதையும் சந்தோஷத்தில் ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். வெளிநாட்டு வேலை என்று டெலிகிராமில் வருகிறவர் முதலில் கேட்பது பாஸ்போர்ட் படம், அடுத்துக் கேட்பது பணம். தமிழ்நாடு அரசே 1978-இலிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது. அங்கே முதலில் விசாரியுங்கள். தனியார் ஏஜென்சி என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். “சீட்டு நாளையோடு முடியுது” என்று அவசரப்படுத்தினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

11. கோபத்தில் பதிவு போடாதீர்கள். ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள்.

இதை இரண்டு பாதியாகவே கேளுங்கள். ஸ்டாஃப் சிஸ்டர் நோயாளிகள் முன்னால் திட்டிவிட்டார், நைட் டியூட்டி தொடர்ந்து போட்டுவிட்டார்கள், ஹாஸ்டல் சாம்பாரில் புழு. உடனே பேரைப் போட்டு எழுதத் தோன்றும். எழுதுங்கள், நோட்டில் எழுதுங்கள், தூங்கி எழுந்து படியுங்கள். பாதிக் கோபம் பசியாகவும் தூக்கமாகவும் இருந்திருக்கும்.

மீதிப் பாதி உண்மையான அநியாயமாக இருக்கும். நோயாளியை யாரோ அடித்தார், ஒரு டாக்டர் தகாத முறையில் தொட்டார், சீனியர்கள் ராகிங் செய்கிறார்கள். ரகசியம் காக்கவேண்டும் என்று இவ்வளவு நேரம் நான் சொன்னதைத் திருப்பி உங்கள்மீதே போட்டு, “வார்டு விஷயம் வெளியே போகக் கூடாது” என்று வாயை அடைக்க ஆள் வருவார்கள். ஏமாறாதீர்கள். நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது வேறு, தப்புச் செய்தவரைக் காப்பது வேறு. நாள், நேரம், யார் இருந்தார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொண்டு கொடுங்கள். பாலியல் தொல்லைக்கு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்புகார்க் குழு இருக்கவேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். ராகிங்குக்கு யு.ஜி.சி.யின் இலவச எண் 1800-180-5522. இந்த வழிகளுக்குப் பல் இருக்கிறது. பதிவு போட்டால் இருநூறு பேர் கோபமுகம் காட்டிவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடுவார்கள்; அதற்குள் உங்களுக்கு எதிராக ஒரு விசாரணை தொடங்கியிருக்கும்.

12. முதல் மரணம்.

அது வரும், முதலாண்டிலேயே வரலாம். அன்று ராத்திரி எழுதாமல் இருக்க முடியாது என்று தோன்றினால் பூட்டு போட்ட டைரியில் எழுதுங்கள். உடன் டியூட்டியில் இருந்தவளிடம் மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசுங்கள். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பாள். டியூட்டரிடம் சொன்னால் பலவீனம் என்று நினைப்பார் என்று பயப்படாதீர்கள், அவருக்கும் ஒரு முதல் மரணம் உண்டு. பல நாள் தூக்கம் வராவிட்டால் 14416, டெலி மானஸ் எண். தமிழில் பேசலாம், காசு கிடையாது.

13. பிறகு என்னதான் போடுவது?

போட நிறைய இருக்கிறது. தாய்ப்பால் வாரம் ஆகஸ்ட் முதல் ஏழு நாள். குழந்தையை மார்பில் எப்படிப் பிடிப்பது என்று தமிழில் நல்ல வீடியோக்கள் குறைவு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எத்தனை தண்ணீரில் கலக்கவேண்டும் என்பதைக்கூடப் பல வீடுகளில் சரியாகச் செய்வதில்லை. மே 5 உலகக் கைச் சுகாதார நாள். கைகழுவும் படிகளை வகுப்பாகச் சேர்ந்து ஒரு நிமிட வீடியோ எடுங்கள், வேண்டுமானால் ஆடிக்கொண்டே. போடுவதற்கு முன்னால் ஒரு டியூட்டரிடம் காட்டித் தகவலைச் சரிபாருங்கள். வார்டு வாஷ்பேசின் அருகில் எடுக்கவேண்டாம், நர்சிங் லேபில் எடுங்கள். பின்னணியில் கட்டிலில் மேனிக்கின் படுத்திருந்தால் பரவாயில்லை, அதற்கு ஆட்சேபம் எதுவும் இருக்காது.